தறிக்கு ஒரு மொழி, வீட்டுக்கு ஒரு மொழி

வெயில் ஏறும் வேளையில் காஞ்சிபுரத்தின் நெசவாளர் தெரு ஒன்றில் நடந்து போகிறவருக்குத் தாகம் எடுத்தால் கவலை இல்லை. எந்த வீட்டு வாசலில் நின்று கேட்டாலும் ஒரு செம்புத் தண்ணீர் வந்துவிடும். கேட்டவருக்கு, "உட்காருங்கள், இதோ" என்று நல்ல தமிழில் பதில் கிடைக்கும். வேடிக்கை அதற்குப் பிறகுதான். அந்த வீட்டு அம்மாள் உள்ளே திரும்பிப் பிள்ளையை ஏவும்போது, தண்ணீருக்குப் பெயர் மாறிவிடுகிறது! பத்மசாலியர் வீடானால் அது ‘நீள்ளு’. கன்னடம் பேசும் தேவாங்கர் வீடானால் ‘நீரு’. சௌராஷ்டிரர் வீடானால் ‘பனி’. கொஞ்சம் தள்ளி உருது பேசும் வீட்டில் ‘பானி’. செங்குந்தர் வீட்டில் வாசலிலும் தண்ணீர், அடுக்களையிலும் தண்ணீர்.

காஞ்சி என்றதும் கோயிலும் பட்டுச் சேலையும் எல்லோருக்கும் நினைவு வரும். 1909-ல் அறிஞர் அண்ணா பிறந்த ஊர் என்பதும் நினைவு வரும். 1968 ஜனவரியில் அவர் முதலமைச்சராக இருந்தபோதுதான் தமிழும் ஆங்கிலமும் போதும் என்ற இருமொழித் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அவர் பிறந்த ஊரின் நெசவாளர் வீடுகளில், பள்ளிக்கூடத்து மொழிகள் இரண்டும் போக, மூன்றாவதாக ஒரு மொழி அடுப்பங்கரையில் காலங்காலமாகக் குடியிருந்து வருகிறது. அதற்குப் பாடப் புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது. தாய் சொல்லிக் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கல்லிலே கன்னடம்

பல பாஷைகள் கலந்து புழங்குவது இந்த ஊருக்குப் புதிதல்ல. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதினான். கதை நடப்பது காஞ்சியின் வீதிகளில். குடித்துவிட்டுத் திரியும் காபாலிகன், அவனோடு வாதாடும் பௌத்த பிக்கு, ஒரு பைத்தியக்காரன் எல்லோரும் வருகிறார்கள். பாத்திரங்களில் சிலர் வடமொழி பேசுகிறார்கள். சிலர் பிராகிருதம் பேசுகிறார்கள். அரசன் தன் தலைநகரைப் பற்றித் தானே எழுதிய நாடகத்திலேயே நிலைமை இதுதான்.

எட்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் படையெடுத்து வந்து காஞ்சியைப் பிடித்தான். பிடித்தவன் கொள்ளையடிக்கவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதை அந்தக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். கொடுத்த செய்தியை அங்கேயே ஒரு தூணில் வெட்டி வைத்தான். அது கன்னடத்தில் இருக்கிறது. இன்றும் போய்ப் பார்க்கலாம்.

பிறகு விஜயநகர அரசர்களின் காலம். வரதராஜப் பெருமாள் கோயில் விமானத்துக்கு 1514-ல் கிருஷ்ணதேவராயர் பொன் வேய்ந்தார். நம் ஆண்டாளின் கதையைத் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ என்ற காவியமாகப் பாடியவரும் இவரே. அந்த அரசின் காலத்தில் வடக்கேயிருந்து தெலுங்கு, கன்னடம் பேசுவோர் கூட்டம் கூட்டமாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். படைவீரர்களும் அதிகாரிகளும் வந்தார்கள், நெசவாளர்களும் வந்தார்கள். கோயிலுக்கும் அரண்மனைக்கும் பட்டு வேண்டியிருந்தபடியால் நெசவாளர்களுக்குக் காஞ்சியில் வேலை இருந்தது.

ஆனால் ஊரிலே ஏற்கனவே நெசவு இருந்தது. கைக்கோளர் எனப்பட்ட செங்குந்தர்கள் தமிழர்கள். சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே அவர்கள் பெயர் உண்டு. ஆகவே வந்தவர்கள் ஆளில்லாத இடத்தில் குடியேறவில்லை. தொழில் தெரிந்தவர்களுக்குப் பக்கத்திலேயே தறிக்குழி தோண்டி உட்கார்ந்தார்கள்.

தாமரை நூலும் சௌடேஸ்வரியும்

பத்மசாலியர்கள் தங்களை மார்க்கண்டேயர் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். தாமரைத் தண்டின் நூலை எடுத்துத் தேவர்களுக்கு ஆடை நெய்த குலம் என்பது அவர்களுடைய புராணம். வீட்டு மொழி தெலுங்கு. காஞ்சிபுரத்துப் பத்மசாலியர்களைப் பற்றி ஆர்த்தி காவ்ல்ரா என்ற ஆராய்ச்சியாளர் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். 2018-ல் வெளிவந்த அந்த ஆங்கில நூலின் பெயரிலேயே தாமரை நூல் வருகிறது.

தேவாங்கர்களின் கதை இன்னும் விந்தையானது. குலம் ஒன்று, குலதெய்வம் சௌடேஸ்வரி அம்மன் ஒன்று. ஆனால் வீட்டு மொழி இரண்டு. தமிழ்நாட்டுத் தேவாங்கர்களில் தெலுங்கு பேசுவோரும் இருக்கிறார்கள், கன்னடம் பேசுவோரும் இருக்கிறார்கள். சேலத்திலும் கோவையிலும் கன்னடக்காரர்கள் மிகுதி. அம்மன் இரண்டு பாஷையிலும் வேண்டுதலைக் கேட்டுக்கொள்கிறாள்.

சௌராஷ்டிரர்கள் இவர்கள் எல்லோரையும்விட நெடுந்தூரம் நடந்தவர்கள். ‘பட்டுநூல்காரர்’ என்று தமிழர்கள் அழைத்த இந்த மக்களின் பூர்விகம் குஜராத். அங்கிருந்து தக்காணம், விஜயநகரம் என்று தங்கித் தங்கி, கடைசியில் தெற்கே வந்து சேர்ந்தார்கள். பெருந்தொகையினர் மதுரையில் நிலைத்தார்கள். சேலம், கும்பகோணம், பரமக்குடி, ஆரணி, காஞ்சி என்று மற்றவர்கள் பரவினார்கள். பட்டு நெசவாளர்கள் ஊர் விட்டு ஊர் போவது பழைய வழக்கம். மத்தியப் பிரதேசத்திலுள்ள மந்தசோரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தெற்கு குஜராத்தான லாட தேசத்திலிருந்து அங்கே குடியேறிய பட்டு நெசவாளர் சங்கத்தார் கி.பி. 437-ல் சூரியனுக்குக் கோயில் கட்டி, 473-ல் அதைப் பழுது பார்த்த செய்தியை அது சொல்கிறது. அந்தச் சங்கத்தாரே சௌராஷ்டிரரின் மூதாதையர் என்று கூறுவோரும் உண்டு.

நடந்து வந்த வழியெல்லாம் அவர்களுடைய மொழி சொற்களைப் பொறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. அடித்தளம் குஜராத்தி வகை. மேலே மராத்தி, கன்னடம், தெலுங்கு, தமிழ். சௌராஷ்டிரரின் ‘பனி’யும் உருதுக்காரரின் ‘பானி’யும் காதுக்கு ஒன்றுபோல் இருப்பது தற்செயல் அல்ல, இரண்டும் வடஇந்திய மொழிக் குடும்பத்துப் பிள்ளைகள்.

குழித்தறியின் பாஷை

இத்தனை பாஷை பேசுகிறவர்கள் ஒரே தொழிலை எப்படிச் செய்கிறார்கள்? தறியண்டை போய் நின்றால் பதில் கிடைக்கும். அங்கே எல்லோருக்கும் பொதுவாக ஒரு சொற்கூட்டம் இருக்கிறது. பாவு, ஊடை, நாடா, அச்சு, விழுது, படமரம், தார், மிதி, முந்தி ஆகியவற்றை எந்த வீட்டு மொழிக்காரரும் விளங்கிக்கொள்வார். கரையில் விழும் வேலைப்பாட்டுக்கும் அப்படியே: மல்லிமொக்கு, மயில்கண், குயில்கண், ருத்ராட்சம், வைரஊசி, தாழம்பூ. இவற்றோடு வெளியூர்ச் சொற்களும் கை கோத்து நிற்கின்றன. ‘ஜரிகை’யின் வேர் பொன்னைக் குறிக்கும் பாரசீகச் சொல்லில் இருக்கிறது, ஜரிகை வருவதும் பெரும்பாலும் சூரத்திலிருந்து. ‘புட்டா’ வடக்கேயிருந்து வந்தது. ‘ஜக்கார்டு’ 1804-ல் அந்தக் கருவியை உருவாக்கிய பிரெஞ்சுக்காரரின் பெயர். நெசவாளர் அதை ‘ஜக்கார்டுப் பெட்டி’ என்று தமிழாக்கிவிட்டார்.

காஞ்சிப் பட்டின் உயிர் கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா என்று மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். சேலை முழுவதும், ஒவ்வொரு இழைக்கும்! ஒருவரால் மட்டும் ஆகிற காரியமல்ல. நெய்கிறவருக்குப் பக்கத்தில் கரை நாடாவை வாங்கி எறிய இன்னொருவர் உட்கார வேண்டும். முந்தி வரும்போது பேட்னி. முந்தியின் நிறத்துக்குரிய புதுப் பாவின் இழைகளை உடலின் பாவிழைகளோடு இணைத்து, பழைய இழைகளை அறுத்துவிட வேண்டும். இழைகளோ ஆயிரக்கணக்கில். சேலைக்கு நாளும் உழைப்பும் எதனால் அவ்வளவு ஆகிறது என்று கேட்கிறவர்கள் பேட்னி போடுவதை ஒரு தடவை பார்த்தால் போதும், அப்புறம் பேரம் பேச வாய் வராது.

இப்படி ஒரே தறியில் இரண்டு பேர் பகல் முழுவதும் உட்கார்ந்தால் பேச்சு நடக்காமல் இருக்குமா? அந்தத் தறியும் தொழிற்சாலையில் இல்லை. வீட்டுக் கூடத்தில், தரையில் தோண்டிய குழியில் இருந்தது. தகப்பனார் நெய்தார், மகனோ மகளோ பக்கத்தில். பாட்டி ராட்டையில் தார் சுற்றினாள். சமையல் பத்தடி தூரத்தில். ஆகவே தொழிலின் பெயர்ச்சொற்கள் ஊருக்குப் பொதுவானவை, அவற்றைச் சேர்த்துக் கட்டுகிற வாக்கியமோ வீட்டு மொழி. ‘பாவு’ தமிழாக இருக்கும். ‘பாவு அறுந்துவிட்டது, பார்’ என்பது தெலுங்காக இருக்கும்.

தெருவுக்கு வந்தால் மறுபடி தமிழ். விடியற்காலையில் பாவை நீளமாகத் தெருவில் விரித்து, கஞ்சி போட்டு, இழை ஒட்டாமல் பிரித்து உலர்த்துவார்கள். ஒரு வீட்டுக்காரரால் முடியாத வேலை இது; நாலு வீட்டுக்காரர்கள் கை கொடுக்க வேண்டும். நாலு வீட்டில் இரண்டு தெலுங்கு, ஒன்று தமிழ், ஒன்று கன்னடம் என்று இருந்தால் நடுவே எது பேசுவது? தமிழ்தான். மாஸ்டர் வீவரிடம் கூலி பேசுவது தமிழ். கூட்டுறவுச் சங்கத்தில் வரவு எழுதுவது தமிழ். வாங்க வந்தவர் முன்னால், ‘இன்னும் எவ்வளவு குறைக்கலாம்’ என்று அண்ணனும் தம்பியும் கலந்துகொள்ள வேண்டிய அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் வீட்டு மொழி கடைக்குள் எட்டிப் பார்க்கும். வியாபாரிக்கு இதைவிட வசதியான பாஷை ஏது?

திருப்பதியில் ஒரு சங்கடம்

காஞ்சித் தெலுங்குக்காரர் திருப்பதிக்குப் போகிறார். அங்கே தம் தாய்மொழியில் தாராளமாகப் பேச ஆரம்பிக்கிறார். கேட்டவர் நாலு வார்த்தைக்குள், "நீங்கள் தமிழ்நாடா?" என்று கேட்டுவிடுகிறார்! பேச்சின் ஏற்ற இறக்கம் தமிழ். ஆபீஸ், பள்ளிக்கூடம், ரேஷன் கடை பற்றிய சொற்களெல்லாம் தமிழ். ஆந்திரத்தில் வழக்கொழிந்த சில பழைய சொற்கள் இவர் வாயில் உயிரோடு இருக்கின்றன. அங்கே பத்திரிகையும் சினிமாவும் பரப்பிய புதுச் சொற்கள் இவருக்குத் தெரியாது. கோயில் வாசலில் மாட்டியிருக்கும் பலகையை இவரால் படிக்கவும் முடியாது. தெலுங்கு பேசத் தெரிந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. அதற்கு முன் சென்னை மாகாணத்தில் தெலுங்கு ஓர் அரசாங்கப் புழக்கமுள்ள மொழி; கற்க வழியும் இருந்தது. பிரிந்த பிறகு காஞ்சியின் தெலுங்கு தனித்து நின்றுவிட்டது. எதிர்த்திசையில் சில சொற்கள் மட்டும் ஊரைப் பிடித்துக்கொண்டன. தகப்பனாரை அழைக்கிற ‘நைனா’ சென்னைத் தமிழில் புகுந்து, தெலுங்கே தெரியாதவன்கூடத் தன் கூட்டாளியை ‘இன்னா நைனா’ என்று கூப்பிடும் அளவுக்குப் போய்விட்டது.

எழுத்து விஷயத்தில் சௌராஷ்டிரர் முயன்ற அளவுக்கு மற்றவர்கள் முயலவில்லை என்று சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டி.எம். ராமராய் என்பவர் தம் மொழிக்குரிய எழுத்துக்கு மறுபடியும் உயிர் கொடுத்து, பாடநூல்கள் அச்சிட்டார். நடனகோபால நாயகி சுவாமிகள் அந்த மொழியில் பக்திப் பாடல்கள் பாடினார். 2008-ல் சௌராஷ்டிர எழுத்து கம்ப்யூட்டருக்குரிய யூனிகோடிலும் இடம் பெற்றது. இருந்தும் பெரும்பாலோர் எழுத வேண்டுமானால் தமிழ் எழுத்தையே நாடுகிறார்கள்.

லண்டனில் ஒரு பட்டுத் தெரு

காஞ்சியைப் போலவே சீமையிலும் ஒரு கதை நடந்தது. பிரான்ஸ் தேசத்தில் 1685-ல் புராட்டஸ்டண்டு மதத்தாருக்கு இருந்த பாதுகாப்பை அரசன் பதினான்காம் லூயி ரத்து செய்தான். ஆயிரக்கணக்கானோர் ஓடினார்கள். அவர்களில் பட்டு நெசவாளர்கள் பலர் லண்டனில் ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் என்ற புறநகரில் தறி போட்டார்கள். தெருவில் பிரெஞ்சு, வீட்டில் பிரெஞ்சு, மாதா கோயிலில் பிரெஞ்சு. 1743-ல் அவர்கள் கட்டிய பிரெஞ்சுக் கோயில் இன்னும் நிற்கிறது. ஆனால் உள்ளே பிரெஞ்சு இல்லை. அது பின்னர் மெதடிஸ்டுகளின் கோயிலாகி, 1898-ல் யூதர்களின் தொழுகைக் கூடமாகி, 1976 முதல் வங்காள முஸ்லிம்களின் மசூதியாக இருக்கிறது. நெசவாளரின் பேரன் கொள்ளுப்பேரன்கள் ஆங்கிலேயராகவே ஆகிவிட்டார்கள். பிரெஞ்சு, குடும்பப் பெயர்களில் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அங்கே சில தலைமுறையில் போன மொழி, இங்கே நூற்றாண்டுக் கணக்கில் நின்றது எப்படி? பள்ளியா, பத்திரிகையா, அரசாங்கமா? மூன்றும் அல்ல. பெண் கொடுப்பதும் எடுப்பதும் தம் கூட்டத்துக்குள்ளேயே நடந்தது. மருமகள் சேலத்திலிருந்து வந்தாலும் ஆரணியிலிருந்து வந்தாலும் அதே மொழியோடு வந்தாள். தறியும் வீட்டுக்குள்ளேயே இருந்ததால் பிள்ளை நாள் முழுவதும் அந்த மொழியைக் கேட்டபடியே வளர்ந்தது.

பதில் தமிழில் வருகிறது

இந்த இரண்டும் இப்போது தளர்ந்து வருகின்றன. நெசவுக் கூலியை நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம் என்று கண்டவர்கள் பிள்ளைகளைத் தறியில் உட்கார வைப்பதில்லை. உட்கார வைக்கவும் கூடாது. காஞ்சித் தறிகளில் சிறுவர்கள் கரை நாடா எறிந்த காலத்தை யாரும் பெருமையாக நினைக்க வேண்டியதில்லை. கடனுக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் உண்டு. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் முதல் கல்வி உரிமைச் சட்டம் நடப்புக்கு வந்தது. தறிக்குழியிலிருந்து எழுந்த சிறுவன் பள்ளிக்குப் போனான். படித்த வாலிபர்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். பெற்ற தாய் மகிழ வேண்டிய விஷயம், மகிழவும் செய்கிறாள்.

ஆனால் தறி இருந்த கூடத்தில் பேச்சு குறைந்தது. வாய்ப்பாடு தமிழிலும் ஆங்கிலத்திலும் மனத்தில் ஏறியது. வேறு மொழிக்காரப் பெண்ணை மணந்துகொண்டவன் வீட்டில் தமிழே பொது மொழியாயிற்று. இப்போது பல வீடுகளில் கேட்கக் கூடிய பேச்சு இப்படி இருக்கிறது:

"ஒரேய், நீள்ளு தேரா!"

"இதோ எடுத்துட்டு வரேன், அவ்வா."

பாட்டி தெலுங்கு, பேரன் தமிழ். இருவருக்கும் ஒன்றும் விசேஷமாகத் தோன்றவில்லை. தண்ணீரும் வந்துவிடுகிறது. பேரனுக்குத் தெலுங்கு புரிகிறது, கோபத்தில் பாட்டி திட்டுவது உட்பட எல்லாம் புரிகிறது. வாயைத் திறந்தால்தான் தமிழ் வருகிறது. அவனுடைய பிள்ளைக்குப் புரிவதும் நின்றுவிடலாம். அந்தப் பிள்ளை பின்னாளில் ஆசைப்பட்டு ஆந்திரத்துப் புத்தகத்தை வாங்கித் தெலுங்கு கற்றுக்கொண்டாலும், கிடைப்பது அவ்வா பேசிய காஞ்சித் தெலுங்காக இருக்காது. அதற்குப் புத்தகம் கிடையாதே!

கணக்கெடுப்பாளர் கேட்கும் கேள்வி

2011-ஆம் வருஷக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 42 லட்சம் பேர். கன்னடம் சுமார் 12 லட்சத்து 86 ஆயிரம். உருது 12 லட்சத்து 64 ஆயிரம். தமிழ் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 88 பேர். சௌராஷ்டிரம் பேசுவோர் இந்தியா முழுவதிலும் 2,47,702.

இந்தக் கடைசி எண்ணில் ஒரு சங்கதி இருக்கிறது. 2001-ல் அது 1,85,420 தான். பத்தே வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது! அதே பத்து வருஷத்தில் தமிழ்நாட்டின் ஜனத்தொகை நூற்றுக்கு 16 கூடக் கூடவில்லை. ஆகவே பிள்ளைப் பேறு மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. முன்பு வேறு மொழியைச் சொன்னவர்கள் இந்தத் தடவை சௌராஷ்டிரம் என்று வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

தாய்மொழி என்பதற்குக் கணக்கெடுப்பு இலாகா வைத்திருக்கும் விளக்கம், அவரவர் குழந்தையாக இருந்தபோது தாய் அவரோடு பேசிய மொழி என்பது. அவரவர் இப்போது பேசுவதைப் பற்றிய கேள்வியே அல்ல. அந்த விளக்கத்தின்படி, தமிழிலேயே பதில் சொல்லிப் பழகிய பேரனுக்கும் தாய்மொழி தெலுங்குதான். அவன் அம்மா அதில்தானே தாலாட்டினாள்? ஆனால் வாசலில் நிற்பவர் தமிழில் கேட்பார், அவனும் தமிழில் பதில் சொல்வான். யோசிக்காமல் ‘தமிழ்’ என்று சொல்லிவிட்டால் அதுவே எழுதப்படும்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 ஆதார நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. கணக்கெடுப்பாளர் காஞ்சியின் நெசவாளர் தெருவுக்கு வரும்போது பாட்டி உள்ளே ராட்டையண்டை இருப்பாள். கதவைத் திறக்கப் போகிறவன் பேரன்.